எட்டு செல்லோவுக்குள் ஒளிந்திருந்த கிதார்

பிரேசிலின் நாட்டார் பாட்டும் ஆப்பெராக் குரலும் கலந்த இசையைக் கேட்க எந்த ரெக்கார்டை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் ஒரே உருப்படியைத்தான் கைகாட்டுவார்கள். பிரேசில் இசையமைப்பாளர் எய்டோர் வில்லா-லோபோஸின் ‘பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ்’ வரிசையில் ஐந்தாவது: ஒரு சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண்குரல்), எட்டு செல்லோ (வயலின் குடும்பத்தின் தடித்த குரல் வாத்தியம்). கைகாட்டுவதில் தப்பில்லை. ஆனால் எட்டு செல்லோவையும் எழுப்பி அனுப்பிவிட்டு ஒற்றைக் கிதாரோடு பாடும் இருவர் வடிவமும் இதற்கு உண்டு. அதையும் வில்லா-லோபோஸே எழுதினார். இந்தக் கலப்பு எங்கே பிடித்து நிற்கிறது, எங்கே பிளந்துகொள்கிறது என்பது அந்தச் சின்ன வடிவத்தில்தான் பளிச்சென்று தெரியும். கிடைக்கிற பதிவுகளையும் கிதாருக்கான இசைக்குறிப்பு நோட்டையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

பின்னணி கொஞ்சம் தேவை. வில்லா-லோபோஸ் 1887-ல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்தவர். சிறு பையன் கைக்கு செல்லோ எட்டாது என்பதால் அப்பா வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்றை செல்லோ மாதிரி நிமிர்த்திப் பிடிக்கும்படி மாற்றிக் கொடுத்துப் பழக்கினார். இளவயதில் தியேட்டர் வாத்தியக்குழுக்களில் செல்லோ வாசிப்பு. ரியோவின் ஷோரோ கலைஞர்களோடு, அதாவது தெருவிலும் வீட்டு விருந்திலும் புல்லாங்குழல், கவாக்கினியோ (நாலு தந்திச் சின்னக் கிதார்), கிதார் வைத்து வாசிக்கும் கூட்டத்தோடு, கிதார். இந்த இரண்டு வாத்தியங்களும் சந்திக்கிற இடம்தான் ஐந்தாவது பாக்கியானாஸ். 1930 முதல் 1945 வரை எழுதிய ஒன்பது தொகுப்புகளிலும் பெரும்பாலான பகுதிகளுக்கு இரட்டைப் பெயர்: ஒன்று ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் காலத்து ஐரோப்பியப் பெயர், மற்றது பிரேசில் பெயர். ஐந்தாவதில் முதல் பகுதி ‘ஏரியா - காண்டிலேனா’, 1938-ல் எழுதியது. இரண்டாவது ‘டான்சா - மார்த்தெலு’, 1945-ல் சேர்ந்தது. ஏரியாவின் வரிகளை எழுதியவர் ரூத் வலதாரெஸ் கொர்ரேயா. 1939-ல் ரியோவில் முதன்முதலாக அதைப் பாடியவரும் அவரே.

ஏரியாவின் முதல் இரண்டு அளவுகளை (தாள வட்டங்களை) கேட்டாலே சங்கதி புரிந்துவிடும். செல்லோக்காரர்கள் வில்லைத் தொடுவதே இல்லை, விரலால் சுண்டுகிறார்கள். கீழே பேஸ் (அடிக்குரல்) ஒரு படி இறங்க, நடுக்குரல்கள் அதற்கு எதிர்த்திசையில் வளைந்து ஏறுகின்றன. ஷோரோ கூட்டத்தில் கிதார்க்காரரின் கட்டைவிரல் செய்கிற வேலை இது, அப்படியே. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பெரிய கிதாராக மாறி நிற்கிறார்கள். கூடவே கணக்கும் கொஞ்சம் நழுவும்: ஐந்து எண்ணிக்கையில் தொடங்கி, நடுவில் அளவு மாறி, மறுபடி ஐந்துக்கு வரும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டு கேட்டால் ‘தாளம் எங்கோ உதைக்கிறதே’ என்று தோன்றும். கண்டமாக எண்ணிப் பாருங்கள், தானாக உட்காரும்.

அதன் மேல் வருகிறது குரல். வார்த்தை இல்லை, ‘ஆ’ என்ற ஒரே உயிரெழுத்தில் நீண்ட அகாரம். ஒரு செல்லோ கீழ் ஸ்தாயியில் அதே மெட்டைப் பிடித்தபடி கூடவே நடக்கும். நடுப்பகுதியில்தான் வார்த்தைகள். அந்திமேகம், மெல்ல எழும் நிலா, அதைத் தன்னை அலங்கரித்துக்கொள்ளும் ஒரு பெண்ணாகப் பார்க்கும் வரிகள். மெட்டு இங்கே ஒரே சுரத்தில் பல அசைகளைக் கொட்டி, கிட்டத்தட்டப் பேச்சாகிவிடுகிறது. பிறகு முதல் மெட்டு திரும்புகிறது, இந்த முறை வாயை மூடிக்கொண்டு. கடைசியில் மூடிய வாயோடு மேல் ஏ சுரத்துக்கு ஏறி, சத்தத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். 880 ஹெர்ட்ஸ். இந்த ஒரு சுரத்துக்கு பயந்தே பல பாடகிகள் இந்த உருப்படியைத் தொடுவதில்லை.

செல்லோப் பதிவுகளில் முதலில் பிடு சயாவ், 1945, கொலம்பியா. வில்லா-லோபோஸே நடத்தினார், முதல் செல்லோ லெனர்ட் ரோஸ். ஏரியா மட்டும்தான். பழைய 78 வேக இசைத்தட்டில் 12 அங்குலத் தட்டானாலும் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் போலத்தான் கொள்ளும், அதனால் ஆறு நிமிடத்தைத் தாண்டும் இந்தப் பாட்டு இரண்டு பக்கமாக வெளிவந்தது. இப்போதைய மறுபதிப்புகளில் இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு நேர்த்தியாக இல்லாத பதிப்பில் பின்னணி இரைச்சல் நடுவில் திடீரென்று நிறம் மாறும், வாங்குமுன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சயாவின் குரல் சின்னது, மேலே வெள்ளிக்கம்பி மாதிரி. மெட்ரோபாலிடன் ஆப்பெராவில் 1937 முதல் பாடியவர் என்றாலும் இங்கே அரங்கத்தின் கடைசி வரிசையை எட்டப் பார்க்கும் முயற்சியே இல்லை. நடுப்பகுதியின் போர்த்துக்கீசியம் அவருக்குத் தாய்மொழி. வார்த்தைகள் பற்களுக்கு நடுவிலிருந்து இயல்பாக விழுகின்றன. குறை ஒலியில்தான்: சுண்டும் செல்லோக்கள் மங்கல், பேஸ் இறங்குவதை ஊகிக்க வேண்டியிருக்கும். இன்னொரு செய்தி: 1995 கார்னிவலில் பெய்ஜா-ஃப்ளோர் சாம்பா பள்ளி சயாவையே தன் ஊர்வலத்தின் கருப்பொருளாக எடுத்தது. தொண்ணூறைத் தாண்டிய அந்த ஆப்பெராப் பாடகியும் ஊர்வலத்தில் கலந்துகொண்டார். பிரேசிலில் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே சுவர் எவ்வளவு தாழ்வு என்று காட்ட இது போதும்.

அடுத்தது விக்டோரியா டி லோஸ் ஆங்கெலெஸ், 1956, பாரிஸ். நடத்தியவர் மறுபடியும் வில்லா-லோபோஸ். ஏரியா, டான்சா இரண்டும் இதில் உண்டு. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். செல்லோக்கள் தடித்த நூலாக இழைகின்றன, குரல் அவற்றின் நடுவே அமர்கிறது, மேலே மிதப்பதில்லை. தன் கச்சேரிகளின் முடிவில் தானே கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பாடிய பழக்கம் உள்ளவர் இவர். சுண்டும் தந்திக்கு மேல் எவ்வளவு குரல் தாங்கும் என்ற கணக்கு அந்தத் தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்பானியக்காரர் என்பது உச்சரிப்பில் இரண்டு இடத்தில் எட்டிப் பார்க்கும், அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஜோன் பயேஸ் 1964-ல் இதே ஏரியாவை மாரிஸ் அப்ரவனேல் நடத்திய செல்லோக்களோடு பாடினார். ஆப்பெராப் பயிற்சி இல்லாத நாட்டார் பாடகி எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறிவரும் முயற்சி. வைப்ராட்டோ (நீண்ட சுரத்தில் வரும் குரல் அசைவு) நெருக்கமாக அதிர்கிறது, நீண்ட அடிகளில் மூச்சு தெரிகிறது. ஒரு தடவை கேட்கலாம், ஒப்பிட உதவும்.

இப்போது இருவர் வடிவம். இதற்குக் காரணமானவர் ஒல்கா பிரகேர் கொயலோ. 1909-ல் மனவுஸில் பிறந்த சோப்ரானோ. கிதாரைத் தானே வாசித்துக்கொண்டு பிரேசில் நாட்டார் பாடல்களை உலகமெங்கும் பாடியவர். அவர் கேட்டதன் பேரில் வில்லா-லோபோஸ் ஏரியாவைக் குரலுக்கும் கிதாருக்குமாகச் சுருக்கினார். 1947-ல் அசோசியேட்டட் மியூசிக் பப்ளிஷர்ஸ் நோட்டாக வெளியிட்டது. சுருதி மாறவில்லை, ஏ மைனரேதான். கிதாரின் திறந்த தந்திகளில் ஏ, டி, ஈ மூன்றும் கையைத் தொடாமலே கிடைப்பதால் இறங்கும் பேஸ் சிரமமில்லாமல் ஒலிக்கும். எட்டு செல்லோ வடிவத்தை ‘மூலம்’ என்றும் இதைச் ‘சுருக்கம்’ என்றும் சொல்வது வழக்கம். காதுக்கு அது தலைகீழாகப் படுகிறது. கிதாரில் கேட்ட பிறகு செல்லோ வடிவம்தான் பெரிதாக்கப்பட்ட நகல் போல ஒலிக்கும்.

இந்த இருவர் வடிவத்தில் சுலபமாகக் கிடைப்பது கேத்லீன் பேட்டிலும் கிறிஸ்டோபர் பார்க்கெனிங்கும் 1986-ல் வெளியிட்ட தொகுப்பு. பழைய இங்கிலாந்து இசையமைப்பாளர் டௌலண்டின் ஆங்கிலப் பாடல்கள், ஸ்பிரிச்சுவல்கள் என்ற ஆப்பிரிக்க-அமெரிக்க பக்திப் பாடல்கள் ஆகியவற்றோடு இந்த ஏரியாவும் இருக்கிறது. பேட்டிலின் குரல் மிக லேசானது, அகாரப் பகுதியில் சுரத்துக்குச் சுரம் வழுக்கும் இடங்கள் வெண்ணெய். மூடிய வாயின் மேல் ஏ சுரம், நாம் கேட்டவற்றிலேயே பதற்றம் குறைந்தது. பார்க்கெனிங்கின் கட்டைவிரல் பேஸைத் தனிக் குரலாகப் பிரித்துக் காட்டுகிறது. எங்கள் மனத்தாங்கல் நடுப்பகுதியில். அங்கே வார்த்தைகள் கொஞ்சம் சொரசொரப்பாகக் கொட்ட வேண்டும். இதில் அவையும் மெருகேறி வருகின்றன. நாட்டார் பக்கம் அந்த இடத்தில் இளைத்துவிடுகிறது.

குரலும் கிதாரும் ஒரே அறையில் எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேறொரு தட்டு இருக்கிறது: சாலி டெர்ரியும் லௌரிந்தோ அல்மெய்டாவும், சில உருப்படிகளில் புல்லாங்குழலோடு மார்ட்டின் ரூடர்மனும், 1958-ல் கேப்பிடல் நிறுவனத்துக்காகச் செய்த ‘டூயட்ஸ் வித் த ஸ்பானிஷ் கிதார்’. முதல் கிராமி விருதுகளில் செவ்வியல் பிரிவின் ஒலிப்பதிவு விருதை வாங்கியது. அல்மெய்டா சாவோ பாவ்லோ மாநிலத்துக்காரர். டெர்ரி மெஸோ (சோப்ரானோவுக்குச் சற்றுக் கீழான பெண்குரல்), ராஜர் வாக்னர் கோரஸில் பாடியவர், நாட்டார் பாடல்களைக் கோரஸுக்கு அமைத்தவர். குரலை ஊதிப் பெருக்காமல் கிதாரின் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். பெரும்பாலான குரல்-கிதார் பதிவுகளில் நடப்பது வேறு: குரலுக்குத் தூரத்து மைக், கிதாருக்கு ஒட்டிய மைக். குரல் மாதா கோயிலிலிருந்தும் கிதார் மடியிலிருந்தும் வரும், இரண்டையும் எதிரொலி போட்டு ஒட்டப் பார்ப்பார்கள். ஒட்டாது. 1958-ன் இந்தத் தட்டில் இரண்டுக்கும் ஒரே காற்று. அந்தச் சமநிலைக்காகவே இது அலமாரியில் இருக்க வேண்டும்.

கேட்கும் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. செல்லோவின் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ், கிதாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் இந்த இரண்டும் காணாமல் போய்விடும், மிச்சம் இருப்பது குரலும் ஏதோ டொக்டொக்கென்ற சுண்டலும்தான். இறங்கும் பேஸ் கேட்காவிட்டால் இந்த உருப்படியில் பாக்கும் இல்லை, ஷோரோவும் இல்லை. சுமாரான ஹெட்போன் போதும்.

நோட்டை வாங்கி வாசிக்க, பாட நினைப்பவர்களுக்கு: கிதார் பகுதி நடுத்தரத்தைத் தாண்டியது, ஆனால் பயமுறுத்தாது. வலது கையில் கட்டைவிரல் பேஸுக்கு, மற்ற மூன்று விரல்கள் நடுக்குரலுக்கு. சிக்கல் வேகத்தில் வரும். செல்லோவில் வில் இழுத்தால் சுரம் நிற்கும், நைலான் தந்தியில் இரண்டு மூன்று விநாடியில் கரைந்துவிடும். செல்லோப் பதிவைக் கேட்டுவிட்டு அதே நிதானத்தில் கிதாரில் எடுத்தால் அடிகளுக்கு நடுவே ஓட்டை விழும். பாடகி ஓட்டையை அடைக்கச் சத்தத்தைக் கூட்டுவார், கிதார்க்காரர் பதிலுக்கு நகத்தால் அழுத்துவார், நாலாவது அளவில் இரண்டு பேரும் சண்டைக்கோழிகள். செல்லோப் பதிவைவிட ஒரு நூல் விறுவிறுப்பாக எடுங்கள். மூச்சுக்கும் அதுதான் நல்லது. அகார அடிகளில் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும், நீண்ட சுரத்துக்குப் பின்பு, ஓடும் சுரங்களுக்கு முன்பு. ஓட்டத்தின் நடுவில் எடுத்த மூச்சு விக்கல் மாதிரி கேட்கும்.

மெஸோ குரலுக்குச் சுருதி இறக்க வேண்டுமென்றால் கேப்போ (கிதார்க் கழுத்தில் தந்திகளை அழுத்தும் கவ்வி) உதவாது, அது ஏற்றத்தான் செய்யும். ஜி மைனருக்கு மாற்றி எழுதினால் திறந்த ஏ தந்தியின் தயவு போய், இடது கை பார் பிடித்தே (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தியே) களைத்துவிடும். ஆறு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டி, ஏ மைனர் விரல்களிலேயே வாசிப்பதுதான் வழி. தந்தி தளர்ந்து பேஸ் சளசளக்கும் என்பதால் ‘ஹை டென்ஷன்’ செட் போடுங்கள். கட்டின உடனே நிற்காது, ஒரு நாள் முன்னதாகவே இறக்கி வைத்தால் மேடையில் சுருதி ஓடாது.

மூடிய வாய்ப் பகுதியில் பலர் பற்களையும் சேர்த்துக் கடித்துக்கொள்கிறார்கள். உதடு மட்டும்தான் மூட வேண்டும். உள்ளே பற்கள் விலகி, நாக்கு தாழ்ந்து, ‘ஆ’ சொல்லும் இடம் அப்படியே காலியாக இருக்க வேண்டும். கடித்தால் மேலே போகப் போகச் சுரம் இறங்கும். கடைசி ஏ சுரத்தில் கிதாரின் ஒலி கரைந்துகொண்டிருக்கும், பாடகி தனியே நிற்பார். அந்த நேரத்தில் சுரம் ஒரு மயிரிழை இறங்கினாலும், காற்றில் மிச்சமிருக்கும் ஏ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிலர் அங்கே உதட்டைச் சன்னமாகத் திறந்துவிடுகிறார்கள். சின்ன ஹாலில் ஒலியின் நிறம் மாறுவது தெரியும். இறங்கிப் போவதற்கு அது தேவலை.

டான்சாவுக்கு வில்லா-லோபோஸின் கிதார் வடிவம் கிடையாது. பிறர் செய்தவை உண்டு, எங்களுக்குத் திருப்தியில்லை. செல்லோக்கள் விடாமல் வெட்டிக்கொண்டே போகும் அந்த அடர்த்தியை ஆறு தந்தி தாங்காது. ‘மார்த்தெலு’ என்றால் சுத்தியல். வடகிழக்குப் பிரேசிலின் பாட்டுப்போட்டிக்காரர்கள் நின்ற இடத்தில் கட்டிப் பாடும் பத்தசை அடிக்கும் அதே பெயர். கவிஞர் மனுவேல் பந்தேய்ரா டான்சாவுக்கு எழுதிய வரிகளில் கரிரி வறள்நிலத்தின் பறவைகள் வரிசைகட்டி வருகின்றன, சீழ்க்கையடிக்கும் இரேரே வாத்தில் தொடங்கி. ஆப்பெராப் பாடகிகள் தடுக்கி விழும் இடம் இது. உயிரெழுத்தை நீட்டப் பழகிய வாய்க்கு, மெய்யெழுத்தைச் சுத்தியலாக அடிக்க வரவில்லை. டி லோஸ் ஆங்கெலெஸ் அடிக்கிறார்.

உச்சரிப்புக்கு வருவோம். 1937-ல் சாவோ பாவ்லோவில் எழுத்தாளர் மாரியோ டி அந்த்ராடே கூட்டிய மாநாடு, பாடுவதற்கு ரியோ உச்சரிப்பை அளவுகோலாக வைத்தது. ஏரியாவின் முதல் வார்த்தை ‘டார்டெ’ என்று எழுத்தில் இருந்தாலும் இன்றைய ரியோ வாயில் ‘டார்ஜி’. டான்சாவில் வரும் ‘செர்த்தாவ்’ (வறள்நிலம்) என்ற வார்த்தையின் கடைசி ஒலி மூக்கில் முடிய வேண்டும், ஆனால் ‘ன்’ என்று நாக்கு மேலே ஒட்டக்கூடாது. ஸ்பானிய, இத்தாலியப் பழக்கமுள்ளவர்கள் இந்த இரண்டிலும் மாட்டுவார்கள். போர்த்துக்கீசியம் தெரியாத காதுக்கும், சயாவை ஒரு தடவை கேட்டுவிட்டு மற்றவர்களுக்குப் போனால் வித்தியாசம் உறைக்கும்.

இந்தக் கலப்பு வில்லா-லோபோஸ் கண்டுபிடித்ததும் அல்ல. மோதின்யா என்ற காதல் பாட்டு வகையை டொமிங்கோஸ் கல்டாஸ் பர்போசா 1770-களிலேயே லிஸ்பன் அரசவை வட்டாரத்துக்குக் கொண்டுபோனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இத்தாலிய ஆப்பெராவின் வளைவுகளை வாங்கிக்கொண்டது. 1870-ல் மிலானின் லா ஸ்காலாவில் ‘இல் குவாரனி’ ஆப்பெராவை அரங்கேற்றிய கார்லோஸ் கோமெஸ், அதற்குப் பதினோரு வருடம் முன்பு ‘கெய்ங் சபி’ என்ற மோதின்யா எழுதியவர். ஏரியா பிடித்துப்போனால் அடுத்துத் தேட வேண்டியது அதைத்தான். பிறகு பெலேமின் வால்டெமார் என்ரிக்கே அமேசான் கதைகளை வைத்துக் கட்டிய பாடல்கள், எர்னானி பிராகாவின் ஐந்து வடகிழக்குப் பாடல்கள். கடைசியாகச் சொன்னவை பியானோவுக்கு எழுதியவை, கிதாரில் எடுக்கும்போது இடது கைப் பகுதியைப் பாதியாக வெட்ட வேண்டியிருக்கும்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். பிரேசிலில் ‘வியோலாவ்’ என்றால் நாம் சொல்லும் கிதார். ‘வியோலா’ என்றால் கிராமத்துப் பத்துத் தந்தி கிதார், வயலின் குடும்பத்து வியோலாவுக்கும் அதே பெயர்தான். ‘வியோலா எங்கே’ என்று பந்தேய்ராவின் பாட்டில் வறள்நிலத்துக்காரன் கேட்பது பத்துத் தந்தியை. மொழிபெயர்ப்பு அச்சிட்ட சில உறைகளில் அவன் கையில் வயலின் குடும்பத்து வியோலாவைக் கொடுத்திருக்கிறார்கள்.